பெட்டியைப் பிரிக்காமல் சீட்டைப் படிப்பது: கம்பைல் ஆன நிரலுக்குள் இருக்கும் மெட்டாடேட்டா

மண்டபத்தில் இறாலும் நண்டும் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனி. அங்கே எடை போட்டு பில் அடிக்கும் சாஃப்ட்வேர் ஒன்று பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதியது வாங்கி, பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து அந்த சாஃப்ட்வேரின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் போட்டார்கள். திரை திறக்கிறது. எடை வாங்கும் பொத்தானை அழுத்தினால் ‘தராசு கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. தராசோ மேசை மேலேயே இருக்கிறது. எழுதிக்கொடுத்தவர் எங்கே என்று தெரியாது. சோர்ஸ் கோடும், அதாவது அவர் கையால் எழுதிய மூல நிரலும், யாரிடமும் இல்லை.

அங்கே கணக்கு பார்ப்பவர் என் மச்சான். “மாப்ளே, கம்பைல் பண்ணிட்டா உள்ளே என்ன இருக்குன்னு யாராலும் பார்க்க முடியாதாமே. புதுசா எழுதுனாத்தான் உண்டுங்கிறாங்க” என்றார். அதே வாரம் இராமநாதபுரத்தில் நான் எடுக்கும் வகுப்பில் ஒரு மாணவர் நேரெதிராகச் சொன்னார்: “டாட்நெட்ல எழுதுனா சோர்ஸ் கோடு அப்படியே வெளியே வந்துடும் சார்.”

இரண்டு பேச்சும் ஊரெல்லாம் உலவுகிறது. இரண்டும் தப்பு. கம்பைல் ஆன ஃபைலுக்குள் எவை அப்படியே இருக்கின்றன, எவை போய்விடுகின்றன, இருப்பதை ஓட்டிப் பார்க்காமலே எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு டாட்நெட்டை, அதாவது நிரல் எழுதி ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் தளத்தை, எடுத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தை முழுசாக, எழுதிவைத்த விதிகளோடு செய்திருக்கிறது அது. மச்சானின் சாஃப்ட்வேரும் அதில் எழுதியதே.

பெட்டியும் சீட்டும்

கரையில் மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்த பிறகு யாரும் சும்மா பிரிக்கமாட்டார்கள். பிரித்தால் ஐஸ் கரையும், சரக்கு கெடும். ஆனாலும் லாரியில் ஏற்றுகிறவருக்கு உள்ளே இருப்பது என்ன, எத்தனை கிலோ, யாருடைய படகில் வந்தது என்பதெல்லாம் தெரியும். பெட்டியோடு போகிற சீட்டில் அது இருக்கிறது. மீனைப் பற்றிய தகவல்தான் அந்தச் சீட்டு. சீட்டைப் படிக்க மீனைத் தொட வேண்டியதில்லை.

நிரலிலும் இதே ஏற்பாடு உண்டு. மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள் கம்பைலர். அது வெளியே தள்ளும் ஃபைலில் செய்ய வேண்டிய கட்டளைகள் ஒரு பக்கம் இருக்கும். அந்தக் கட்டளைகளைப் பற்றிய தகவல் இன்னொரு பக்கம் இருக்கும். என்னென்ன வகுப்புகள் (கிளாஸ்), ஒவ்வொன்றிலும் என்னென்ன செயற்கூறுகள் (மெத்தட்), அவை எதை வாங்கி எதைத் திருப்பித் தருகின்றன, வெளியே எந்த ஃபைல்களை நம்பியிருக்கின்றன என்ற இந்தத் தகவலுக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். ஃபைலின் தேதி, அளவு, எழுதியவர் பெயர் இவற்றையும் மெட்டாடேட்டா என்றே சொல்கிறார்கள். அது வேறு சங்கதி; இந்தக் கட்டுரையில் அதற்கு வேலை இல்லை.

சீட்டு ஏன் பெட்டிக்குள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது? சி, சி++ மொழிகளில் கம்பைல் ஆகும்போது வகுப்புகளின் உள்ளமைப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். ஒருவர் எழுதிய நூலகத்தை இன்னொருவர் பயன்படுத்த வேண்டுமானால் தனியாக ஒரு ஹெடர் ஃபைலும் தர வேண்டும். சீட்டு தனி, பெட்டி தனி. இரண்டில் ஒன்று பழைய பதிப்பாக இருந்தால் எங்கோ போய் முட்டும், எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2002இல் டாட்நெட் வெளிவந்தபோது இந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். தகவலும் கட்டளையும் ஒரே ஃபைலில்தான் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். படகின் ஆவணம் வீட்டு அலமாரியில் இருந்தால் நடுக்கடலில் உதவாது. பதிவு எண்ணைப் படகிலேயே எழுதியிருப்பதால்தான் தூரத்திலிருந்தும் இது எந்த ஊர்ப் படகு என்று தெரிகிறது.

இப்படித் தன்னைப் பற்றிய தகவலையும் சுமந்திருக்கும் டாட்நெட் ஃபைலுக்கு அசெம்பிளி என்று பெயர். அதிலுள்ள கட்டளைகள் நேரடி இயந்திர மொழியில் இருப்பதில்லை. ஐஎல் எனப்படும் ஓர் இடைநிலை மொழியில் இருக்கும். ஓட்டும் நேரத்தில் ரன்டைம் என்ற மென்பொருள் அதை இயந்திர மொழியாக்கும். அதைச் சரியாகச் செய்ய ரன்டைமுக்கே மெட்டாடேட்டா வேண்டும். அதனால் அதைத் தூக்கி எறிய முடியாது. வேடிக்கை பார்ப்பவருக்காக வைத்த ஜன்னல் என்று அதை நினைக்கக்கூடாது. வீட்டின் உத்திரம் அது.

எது இருக்கும், எது போய்விடும்

என் மாணவர் சொன்னதற்குப் பதில் இங்கே இருக்கிறது. வகுப்புகளின் பெயர்கள் இருக்கும். செயற்கூறுகளின் பெயர்கள், அவை வாங்கும் மதிப்புகளின் பெயர்கள், வகைகள் எல்லாம் இருக்கும். நிரலில் மேற்கோளுக்குள் எழுதிய சொற்றொடர்கள் இருக்கும். நீங்கள் எழுதிய குறிப்புரைகள் ஒன்றுகூட மிஞ்சாது. செயற்கூற்றுக்குள் தற்காலிகமாக வைத்த மாறிகளின் பெயர்களும் அசெம்பிளியில் இருக்காது. அவை பிழை தேடுவதற்கான பிடிபி என்ற தனி ஃபைலுக்குப் போகும். ஐஎல் கட்டளைகளிலிருந்து, டாட்நெட்டில் நிரல் எழுதும் மொழியான சி ஷார்ப் போன்ற ஒன்றைத் திரும்பக் கட்டித்தரும் ஐஎல்ஸ்பை மாதிரிக் கருவிகள் உண்டு. அவை தருவது மறுபடி கட்டிய வடிவம்தான். கட்டுமரத்தைப் பிரித்து மறுபடி கட்டினால் கடலில் மிதக்கும், ஆனால் முடிச்சு பழைய கைக்காரர் போட்டதாக இருக்காது.

இன்னொரு தப்பான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘பிரைவேட் என்று போட்டுவிட்டால் வெளியே தெரியாது’ என்று நினைக்கிறார்கள். பிரைவேட் என்பது மெட்டாடேட்டாவில் ஒரு சின்ன அடையாளக்குறி. மற்ற நிரல்கள் அதை அழைப்பதை கம்பைலரும் ரன்டைமும் தடுப்பதற்காக வைத்தது. பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், டேட்டாபேஸ் கடவுச்சொல்லை நிரலுக்குள் மேற்கோளில் எழுதி கம்பைல் செய்து, ‘பூட்டியாச்சு’ என்று நம்புவது. அந்தச் சொல் எந்தப் பூட்டும் இல்லாமல் எழுத்தெழுத்தாக ஃபைலில் கிடக்கும். என் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் கண்முன்னாலேயே அந்த டிஎல்எல்லை (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நூலக ஃபைல்) திறந்து கடவுச்சொல்லைப் படித்துக் காட்டுகிறேன். வேறு எந்த விளக்கமும் அந்த அளவுக்கு உறைப்பதில்லை.

இதுவரை: கம்பைல் ஆன டாட்நெட் ஃபைலில் கட்டளையும் இருக்கிறது, அதைப் பற்றிய தகவலும் இருக்கிறது. பெயர்களும் அமைப்பும் மிஞ்சும். குறிப்புரையும் உள்மாறிகளின் பெயரும் மிஞ்சாது. இனி அந்தத் தகவல் எங்கே, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

ஃபைலின் வாசலிலிருந்து பதிவேடு வரை

இரவில் கடலிலிருந்து வருகிறவர் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் எத்தனை நொடிக்கு ஒருமுறை எப்படி மின்னுகிறது என்பதை வைத்தே அது எந்த ஊர் விளக்கம் என்று சொல்லிவிடுவார். ஃபைல்களுக்கும் அப்படி முதல் சில பைட்களில் ஓர் அடையாளம் உண்டு. விண்டோஸின் இஎக்ஸ்இ, டிஎல்எல் ஃபைல்கள் எல்லாம் எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். எம்எஸ்-டாஸ் காலத்தில் அந்த வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் எழுத்துகள் அவை. ஜாவா, லினக்ஸ் ஃபைல்களுக்கு வேறு அடையாளங்கள்.

எம்இசட்டிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் 60ஆவது இடத்தில் நாலு பைட் இருக்கும். அசல் தலைப்பு ஃபைலில் எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்லும். அங்கே போனால் 16 சின்னச் சின்ன வழிகாட்டிகள் கொண்ட ஒரு பட்டியல். அதில் பதினைந்தாவது டாட்நெட்டுக்கு உரியது. அது காலியாக இருந்தால் இந்த ஃபைல் டாட்நெட்டே கிடையாது என்று அங்கேயே திரும்பிவிடலாம். காலியாக இல்லையென்றால் அது 72 பைட் நீளமுள்ள இன்னொரு தலைப்பைக் காட்டும். மெட்டாடேட்டா எங்கே, எவ்வளவு நீளம் என்பது அதில் இருக்கிறது. இந்த 72 பைட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மச்சானின் கதைக்கு அது மறுபடி தேவைப்படும்.

இந்த வழிகாட்டிகள் தரும் முகவரி, ஃபைலை நினைவகத்தில் ஏற்றிய பிறகு இருக்கும் முகவரி. டிஸ்கில் இருக்கும் இடம் அதிலிருந்து மாறுபடும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஃபைலிலேயே ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. கையால் படிக்க முயல்கிறவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் இது. நானும் இங்கே ஒரு முழு இரவை விட்டிருக்கிறேன்.

சரியான இடத்துக்கு வந்துவிட்டால் பி, எஸ், ஜே, பி என்ற நாலு எழுத்துகள் கண்ணில் படும். மெட்டாடேட்டா அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதையடுத்து ஒரு பதிப்பு எண். பெரும்பாலும் 4.0.30319 என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘இது பழைய 4.0 ஃப்ரேம்வொர்க்கில் செய்தது’ என்று முடிவுகட்டுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மிகப் புதிய டாட்நெட்டில் கம்பைல் செய்த ஃபைலிலும் அதே எண்தான் இருக்கும். அதை வைத்து ஃப்ரேம்வொர்க்கைச் சொல்ல முடியாது. எந்த ஃப்ரேம்வொர்க்குக்காகக் கட்டப்பட்டது என்பது அசெம்பிளியின் மேல் ஒட்டிய டார்கெட்ஃப்ரேம்வொர்க் என்ற தனிக் குறிப்பில் இருக்கும், அந்தக் குறிப்பு இருந்தால்.

நாலு கிடங்கும் ஓர் ஏலக் கணக்கும்

பதிப்பு எண்ணுக்குப் பிறகு மெட்டாடேட்டா வழக்கமாக ஐந்து பகுதிகளாகப் பிரியும். ஒன்று அட்டவணைகள். மற்ற நாலும் கிடங்குகள். இவற்றுக்கு ஹீப் என்று பெயர். பெயர்கள் ஒரு ஹீப்பில், மேற்கோள் சொற்றொடர்கள் இன்னொன்றில், அடையாள எண்கள் மூன்றாவதில், மற்ற சிக்கலான பைட் தொகுப்புகள் நாலாவதில்.

அட்டவணையில் பெயர் நேரடியாக இருக்காது. பெயர், கிடங்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்தான் இருக்கும். ஒரே பெயர் நூறு இடத்தில் வந்தாலும் கிடங்கில் ஒருமுறை இருந்தால் போதும்.

சி ஷார்ப்பில் வகுப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ‘படகு’ என்று ஒரு வகுப்பு எழுதினால் அந்தப் பெயர், எழுத்துகளை பைட்களாக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் பெயர்க் கிடங்கில் சேரும். ப, ட, க, உகரக் குறி என்று நாலு குறியீடுகள்; ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; மொத்தம் 12; முடிவைக் காட்ட ஒரு பூஜ்ஜியம்; ஆக 13 பைட். நிரலுக்குள் மேற்கோளில் ‘இறால்’ என்று எழுதினால் அது யூடிஎஃப்-16 முறையில் வேறு கிடங்குக்குப் போகும். ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட், 10. கடைசியில் ஓர் அடையாள பைட், முன்னால் நீளத்தைச் சொல்லும் ஒரு பைட், ஆக 12. ஒரே ஃபைலில் தமிழ் இரண்டு விதமாகக் கிடக்கிறது. ஒன்றைப் படிக்கும் முறையில் மற்றொன்றைப் படித்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

அட்டவணைகள் ஏலக் கணக்கு நோட்டு போல. ஏலக்காரர் படகின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, அந்தப் படகின் சரக்கு எந்த வரியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார். முடியும் வரியைக் குறிப்பதில்லை. அடுத்த படகின் சரக்கு தொடங்கும் இடத்தில் முந்தையது முடிந்தது என்று அர்த்தம். வகுப்பு அட்டவணையும் அச்சு அசல் இப்படித்தான். ‘படகு’ வகுப்பின் செயற்கூறுகள் 1ஆம் வரியில் தொடங்குகின்றன, அடுத்த வகுப்பான ‘ஏலம்’ 5இல் தொடங்குகிறது என்றால், படகுக்கு உரியவை 1 முதல் 4 வரை. இந்த அட்டவணையின் முதல் வரியில் எப்போதும் நீங்கள் எழுதாத ஒரு வகுப்பு இருக்கும். எந்த வகுப்பிலும் சேராதவற்றுக்காக வைத்த இடம் அது. ‘நான் மூணு வகுப்புதானே எழுதினேன், நாலு காட்டுதே’ என்று குழம்ப வேண்டாம்.

டோக்கன்

விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்க வேண்டும் என்பது நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. படகின் பதிவு எண்ணும் தெரிந்ததே: டிஎன் என்றால் தமிழ்நாடு, 10 என்றால் இராமநாதபுரம், எம்எம் என்றால் விசைப்படகு, அதற்குப் பிறகு அந்தப் படகின் வரிசை எண். முன்பாதி எந்தப் பதிவேடு என்று சொல்கிறது. பின்பாதி அந்தப் பதிவேட்டில் எத்தனையாவது என்று சொல்கிறது.

மெட்டாடேட்டாவிலும் டோக்கன் என்ற சொல்லே இருக்கிறது. பொருள் கிட்டத்தட்ட அந்தப் பதிவு எண்ணின் பொருள்தான். டோக்கன் என்பது நாலு பைட் எண். முதல் பைட் எந்த அட்டவணை. மற்ற மூன்றும் அதில் எத்தனையாவது வரி. வகுப்புகளின் அட்டவணை 02. செயற்கூறுகளின் அட்டவணை 06. வெளியே நம்பியிருக்கும் அசெம்பிளிகளின் அட்டவணை 23. 06000005 என்று பார்த்தால் செயற்கூறு அட்டவணையில் 5ஆம் வரி. இவை பதினாறின் அடிமானத்தில் எழுதும் எண்கள் என்பதை மறக்கக்கூடாது. 06000010 என்பது பத்தாவது வரியைக் குறிக்காது, பதினாறாவதைக் குறிக்கும். வரிகள் 1இலிருந்து எண்ணப்படும். 0 என்றால் எதுவும் இல்லை என்று பொருள்.

ஐஎல் கட்டளைகளும் இந்த டோக்கன்களை வைத்தே பேசும். ‘எடைபோடு என்ற செயற்கூறை அழை’ என்று அதில் இருக்காது. ‘06000005ஐ அழை’ என்று இருக்கும். மெட்டாடேட்டாவை எடுத்துவிட்டால் கட்டளைகள் வெறும் எண்ணாகிப்போவது இதனால்தான்.

ஒரு செயற்கூறு எதை வாங்குகிறது, எதைத் தருகிறது என்பது சிக்னேச்சர் என்ற சின்ன பைட் தொடரில் இருக்கிறது. 00 02 08 08 08 என்று ஒரு தொடர் இருந்தால் இப்படிப் படிக்க வேண்டும்: முதல் 00, வகுப்பிலிருந்து பொருள் (ஆப்ஜெக்ட்) எதுவும் உருவாக்காமலே அழைக்கக்கூடிய செயற்கூறு, 02, இரண்டு மதிப்புகள் வாங்கும், அடுத்த 08, முழு எண்ணைத் திருப்பித் தரும், கடைசி இரண்டு 08, வாங்கும் இரண்டும் முழு எண்கள். ஐந்தே பைட்டில் முழு ஒப்பந்தமும் அடங்கிவிட்டது. இதை முதன்முதலில் கையால் படித்துப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

இதுவரை: கிடங்குகளில் பெயர்கள், அட்டவணைகளில் எண்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக டோக்கன்.

படிக்கும் வழிகள்

இவ்வளவையும் பைட் பைட்டாகக் கையால் படிக்கலாமா? படிக்கலாம், விதிகள் இசிஎம்ஏ-335 என்ற தரநிலையில் வெளிப்படையாக இருக்கின்றன. ஆனால் ஒரு தொந்தரவு உண்டு. அட்டவணைகளின் வரி அகலம் ஃபைலுக்கு ஃபைல் மாறும். ஓர் அட்டவணையைச் சுட்டும் எண், அந்த அட்டவணை சிறியதாக இருந்தால் 2 பைட், பெரியதாக இருந்தால் 4 பைட். ஓரிடத்தில் தப்பாகக் கணக்கிட்டால் அதற்கடுத்த எல்லாமே ஒதுங்கிப்போகும், வலையில் ஒரு கண்ணியை விட்டுப் பின்னியது போல. அதனால் இந்தக் கணக்கைச் செய்து தரும் ஏபிஐகளைப் பயன்படுத்துகிறோம். ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் மற்ற நிரல்கள் அழைப்பதற்காகத் திறந்துவைத்திருக்கும் செயற்கூறுகளின் தொகுப்பு.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது ரிஃப்ளெக்‌ஷன். அது அசெம்பிளியை ரன்டைமுக்குள் ஏற்றி, வகுப்புகளைப் பொருள்களாகக் கையில் தரும். பழகுவதற்கு எளிது. ஆனால் பெட்டியை ஏலத்தரையில் கொட்டிப் பார்ப்பதற்குச் சமம். நம்பியிருக்கும் மற்ற ஃபைல்களும் இருந்தாக வேண்டும். ஒரு வகுப்பின் மேல் ஒட்டிய குறிப்புகளை வழக்கமான முறையில் கேட்டால், அந்தக் குறிப்புகளை உருவாக்கும் கட்டளைகளே ஓடும். யார் எழுதியது என்றே தெரியாத ஃபைலில் அப்படி எதையும் ஓடவிடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடிமட்ட வழிகள் இரண்டு. பழையது, நிரல்கள் ஒன்றையொன்று அழைக்க விண்டோஸில் இருக்கும் காம் முறையில் அமைந்த ஐமெட்டாடேட்டாஇம்போர்ட். சி++இலிருந்து அழைப்பார்கள். ‘வகுப்புகளை வரிசையாகத் தா’ என்று கேட்டால் டோக்கன்கள் வரும். ஒவ்வொரு டோக்கனையும் கொடுத்து ‘இதன் விவரம் தா’ என்று மறுபடி கேட்க வேண்டும். பெயரை வாங்கிக்கொள்ள எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் நாமே கேட்டு ஒதுக்க வேண்டும். பிழை தேடும் டிபக்கர், வேகம் அளக்கும் ப்ரொஃபைலர் எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் தொழில் கருவி.

புதியவர்களுக்கு நான் சொல்வது சிஸ்டம்.ரிஃப்ளெக்‌ஷன்.மெட்டாடேட்டா என்ற நூலகம். பெயரில் ரிஃப்ளெக்‌ஷன் இருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இது எதையும் ரன்டைமில் ஏற்றுவதில்லை. சி ஷார்ப்பிலேயே எழுதலாம். பிஇரீடர் என்ற ஒன்றிடம் ஃபைலைக் கொடுத்தால் எம்இசட்டிலிருந்து பிஎஸ்ஜேபி வரை நாம் நடந்த தூரத்தை அது நடந்துவிடும். அது தரும் மெட்டாடேட்டாரீடரிடம் வகுப்புகளைக் கேட்டால் ஹேண்டில்கள் வரும். ஹேண்டில் என்பது ‘இந்த அட்டவணையில் இந்த வரி’ என்று சொல்லும் கைப்பிடி. பெயர் வேண்டுமென்றால் வரியை எடுத்து, அதிலிருக்கும் பெயர்க் கைப்பிடியைக் கொடுத்துத் தனியாகக் கேட்க வேண்டும். எதற்கு இத்தனை படி என்று தோன்றும். கேட்காத எதையும் அது படிப்பதில்லை, அதனால்தான் பெரிய ஃபைலிலும் வேகமாக இருக்கிறது. ஒரு ஃபைலில் வாங்கிய கைப்பிடியை இன்னொரு ஃபைலின் ரீடரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வேறு யாருடைய பெயரோ வரும், அது தப்பு என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

எல்லா மொழிக்கும் இதே அளவு தகவல் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஜாவாவில் கிட்டத்தட்ட இதே செழிப்பு இருக்கும். சி நிரலில் மிகக் குறைவு. டாட்நெட்டிலேயே நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றிவிடும் நேட்டிவ் ஏஓடி முறையில் நான் சொன்ன இந்த அமைப்பு இருக்காது.

மண்டபத்துக்குத் திரும்பி

ஃபைல் கம்பெனிக்குச் சொந்தமானது, பார்க்கச் சொன்னதும் அவர்கள். ஒரு நகலை எடுத்துக்கொண்டு நாற்பது வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். முதலில் 23ஆம் அட்டவணை. அது நம்பியிருந்த ஒவ்வொரு அசெம்பிளியும் பெயர், பதிப்பு எண்ணோடு வந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லாமே புதிய கம்ப்யூட்டரில் இருந்தன. மச்சான் முகம் வாடிவிட்டது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 23இல் வருவது டாட்நெட் அசெம்பிளிகள் மட்டும். டாட்நெட்டில் எழுதாத, நேரடி இயந்திர மொழியிலுள்ள டிஎல்எல்லை ஒரு நிரல் அழைத்தால், அதன் பெயர் மாட்யூல்ரெஃப் என்ற வேறு அட்டவணையில் இருக்கும். அதில் எந்தச் செயற்கூறை அழைக்கிறது என்பது இம்ப்ளிமேப் என்ற அட்டவணையில் இருக்கும். மாட்யூல்ரெஃப்பைக் கேட்டேன். ஒரே வரி. தராசு செய்தவர்கள் கொடுத்த டிஎல்எல்லின் பெயர். சாஃப்ட்வேரின் ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. பழைய டிஸ்கில் தேடினோம். விண்டோஸின் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தது. ஃபோல்டரை மட்டும் நகலெடுத்ததில் அது விட்டுப்போயிருக்கிறது. இப்படிப்பட்ட டிஎல்எல்லை முதல்முறை அழைக்கும்போதுதான் ரன்டைம் தேடும். திரை திறந்து, பொத்தானை அழுத்தியதும் நின்றதற்கு அதுதான் காரணம். வந்த பிழையின் அசல் வாசகத்தை விழுங்கிவிட்டு ‘தராசு கிடைக்கவில்லை’ என்று மட்டும் காட்டுமாறு எழுதியிருந்தார்கள்.

டிஎல்எல்லை எடுத்துப் போட்டோம். மறுபடியும் தராசு கிடைக்கவில்லை.

அப்போது அந்த 72 பைட் தலைப்பைப் பார்த்தேன். அதில் ‘32 பிட்டாகவே ஓட வேண்டும்’ என்று சொல்லும் ஒரு குறி உண்டு. இந்த ஃபைலில் அது அணைந்திருந்தது. எதிலும் ஓடும் என்று பொருள். பழைய கம்ப்யூட்டர் 32 பிட் விண்டோஸ். அங்கே சாஃப்ட்வேர் 32 பிட்டாகவே ஓடியது. புதியது 64 பிட். இங்கே 64ஆக எழுந்து நின்றது. தராசின் டிஎல்எல்லோ 32 பிட். ஓடும் ஒரே நிரலுக்குள் இரண்டும் சேர்ந்து இருக்க வழியே இல்லை.

அந்தக் குறியை மாற்ற கார்ஃப்ளாக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட்டின் சின்னக் கருவி இருக்கிறது. ஃபைலில் டிஜிட்டல் கையெழுத்து இருந்திருந்தால் மாற்றியதும் அது செல்லாமல் போயிருக்கும். அதையும் அசெம்பிளி அட்டவணையில் பார்த்தேன். கையெழுத்துக்கான சாவி இருக்கும் இடம் காலி. நகலில் குறியை ஏற்றினேன். ஒரு பிட், அவ்வளவுதான் மாறியது. மச்சான் தராசின் மேல் ஒரு ஐஸ் பெட்டியை வைத்துப் பொத்தானை அழுத்தினார். எடை திரையில் வந்தது. ஜூனில் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பிய முதல் நாள், அதே சாஃப்ட்வேரில்தான் பில் அடித்தார்கள்.